டயாலிசிஸ் செய்துகொண்டே ஊர் போகலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் மருத்துவர் இல்லை. எட்டு வருடமாக வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸில், அதாவது மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சையில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் டயாலிசிஸ் சென்டரைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, அதற்குப் பிறகு பதினோரு ஊர்களில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து அளவை மாற்றுவது மட்டும் உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) சொல்லித்தான் நடக்க வேண்டும்.

அண்ணா, என் கணவருக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். பதினான்கு மாதமாக எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கோவையில் நாத்தனார் மகள் கல்யாணம், நான்கு நாள் தங்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? (திருச்சி)

அம்மா, முதலில் கோவையில் டயாலிசிஸ் ஸ்லாட், அப்புறம்தான் டிக்கெட். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு கடைசி நேரத்தில் அலைகிறார்கள். மூன்று, நான்கு வாரம் முன்பே கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு, மூன்று சென்டருக்குப் போன் செய்து, "வெளியூர் பேஷன்ட், ஒரு டயாலிசிஸ் வேண்டும், எந்த ஷிப்ட் காலி?" என்று கேளுங்கள். உடனே அவர்கள் கேட்பது வைரல் மார்க்கர் ரிப்போர்ட்தான்: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்குமே புது ரிப்போர்ட் இருக்க வேண்டும், பழையது என்றால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். திரும்பி வந்ததும் உங்கள் சென்டர் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லும், அதில் கோபப்பட வேண்டாம், அது எல்லாருடைய பாதுகாப்புக்கும்தான்.

உங்கள் டெக்னீஷியனிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ட்ரை வெயிட் (உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை), எத்தனை மணி நேரம், ரத்த ஓட்ட வேகம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பரின் எவ்வளவு, எந்த டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் பகுதி), ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) எந்தக் கையில், எந்த ஊசிக்கு அலர்ஜி, கடைசி மூன்று டயாலிசிஸில் பி.பி. எப்படிப் போனது. சொந்த சென்டரில் டயலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துபவராக இருந்தாலும் வெளியூரில் புது டயலைசர், புது ட்யூபிங் என்று கேளுங்கள். கொஞ்சம் செலவுதான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எடை விஷயத்தில் நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஊரில் சென்டரின் எடை மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டியது. அதை நம்பி அவ்வளவு நீரையும் இழுத்தார்கள், மூன்றாவது மணி நேரத்தில் இரண்டு காலும் இழுத்துக்கொண்டு நான் கத்திய கத்து அந்த வார்டே கேட்டது. அன்றிலிருந்து காரில் போனால் வீட்டு எடை மெஷினையே எடுத்துப் போகிறேன். கிளம்பும் முன் வீட்டில் என்ன எடை, சொந்த சென்டரில் என்ன எடை என்று இரண்டையும் குறித்து வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், அங்கே போய் "என் மெஷினில் இவ்வளவுதான் ஏறியிருக்கிறது, பார்த்து இழுங்கள்" என்று சொல்லலாம்.

கிளம்ப நல்ல நாள், டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை. முடிந்த அன்றே பஸ் ஏறாதீர்கள், தலைசுற்றலும் பி.பி. இறக்கமும் அன்று மாலைதான் படுத்தும்.

எனக்கு வாரம் இரண்டுதான். ஒரு தடவையை விட்டுவிட்டு டூர் முடித்து வந்து செய்துகொண்டால் என்ன?

வேண்டாம் தம்பி. வாரம் மூன்று செய்பவர்களுக்கே நடுவில் வருகிற அந்த இரண்டு நாள் இடைவெளிதான் ஆபத்தான நேரம், உங்களுக்கு இடைவெளி ஏற்கெனவே அதைவிடப் பெரியது. நீர் சேர்ந்தால் மூச்சு வாங்கும், அது வெளியே தெரியும். பொட்டாசியம் ஏறுவது பல பேருக்கு வெளியே தெரியவே தெரியாது, நேராக இதயத் துடிப்பில் கை வைக்கும். வழியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கை கால் திடீரென்று துவண்டு போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் 108. ஆம்புலன்ஸில் ஏறியதும் முதல் வார்த்தையாக "டயாலிசிஸ் பேஷன்ட்" என்று சொல்லுங்கள், மருத்துவமனையில் இ.சி.ஜி.யும் பொட்டாசியமும் உடனே பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று ஆசை. கழுத்தில் பெர்ம்கேத் (டயாலிசிஸ் குழாய்) இருக்கிறது. பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு குளிக்கலாமா?

கூடவே கூடாது. அவர் ஆசையைத் தட்டிவிடுகிறேனே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதில் நடுவழி கிடையாது. அந்தக் குழாயின் முனை இதயத்துக்குள்ளேயோ அதன் வாசலிலேயோ இருக்கிறது. வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போது எந்த பிளாஸ்டிக்கும் நிற்காது, கட்டு நனைந்து கிருமி போனால் நேராக ரத்தத்துக்குள் போகும். கடலிலும் முங்கக் கூடாது. அம்மாவை அழைத்துப் போங்கள், நீங்கள் தீர்த்தம் ஆடுங்கள், அவர் கால் நனைத்துக்கொள்ளட்டும், கையில் கொஞ்சம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும். கட்டு மாற்றும் பொருட்களைக் கையோடு வைத்திருங்கள், நனைந்துவிட்டால் அருகில் உள்ள டயாலிசிஸ் சென்டரில் மாற்றச் சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் ஊர் திரும்பட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஃபிஸ்டுலா உள்ளவர்கள் விஷயம் வேறு. ஊசி குத்திய இடம் நன்றாக மூடியபின், மறுநாள் குளிக்கலாம். அந்தக் கையில் பை மாட்டாதீர்கள், பி.பி. பார்க்க விடாதீர்கள், பஸ்ஸில் அந்தக் கை மேல் தலை வைத்துத் தூங்காதீர்கள். காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பாருங்கள், வழக்கமாகக் கையில் தட்டுப்படும் அதிர்வு இல்லை என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வெயிலில் இளநீர் தவிர வேறு என்ன குடிப்பது? கல்யாண பந்தியில் எதைச் சாப்பிடுவது?

இளநீரை விட்டுவிடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது பொட்டாசியத் தண்ணீர். வாழைப்பழமும் ஆரஞ்சு ஜூஸும் அதே வகைதான். நட்சத்திரப்பழம் ஒரு துண்டுகூட வேண்டாம், சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது நரம்பு மண்டலத்தையே தாக்கும். உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கிற 'லோ சோடியம்' உப்பு வாங்காதீர்கள், அதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு பொதுவாக, முந்தைய நாள் போன சிறுநீர் அளவோடு அரை லிட்டர். சிறுநீரே போகாதவருக்கு அந்த அரை லிட்டர்தான், காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள். காலையிலேயே ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பிவிட்டு, வேறு எதைக் குடித்தாலும் அந்த அளவை பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். வெயிலில் அதிகம் வியர்த்தால் எவ்வளவு கூட்டலாம் என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாகத்தை ஏற்றுவது வெயிலைவிட உப்புதான், அதனால் பந்தியில் ஊறுகாய், அப்பளம், வத்தக்குழம்பைத் தாண்டிப் போங்கள். சோறு, பொரியல், கொஞ்சம் குழம்பு போதும். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், அதைச் சாப்பாட்டோடு போட்டால்தான் பலன், ரூமுக்குப் போய் போட்டால் வீண். சர்க்கரை நோயும் உள்ளவர்கள் லோ ஷுகர் வந்தால் ஜூஸ் தேடாமல் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ போட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் சலுகை உண்டா?

உண்டு, ஆனால் டயாலிசிஸுக்காகவோ மாற்று அறுவைக்காகவோ போகும் பயணத்துக்குத்தான், சுற்றுலாவுக்கு இல்லை. ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி., சேர் கார் எல்லாம் 75 சதவீதம், இரண்டாம், முதல் ஏ.சி.யில் 50 சதவீதம், துணைக்கு வரும் ஒருவருக்கும் சேர்த்து. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கவுன்டரில்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு வயிற்று டயாலிசிஸ். இரண்டு நாள் கொடைக்கானல் போக முடியுமா, அக்கா தங்கை எல்லாரும் சேர்ந்து போகிறோம்.

தாராளமாகப் போங்கள், உங்களுக்கு மெஷின், ஸ்லாட் எந்தக் கவலையும் இல்லை. சுமைதான் பிரச்சினை. ஒரு நாளைக்கு நான்கு தடவை வயிற்றுக்குள் திரவத்தை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர் பை என்றால் இரண்டு நாளைக்கு 16 லிட்டர், அதற்கு மேல் இரண்டு பை கூடுதலாக. மலைப்பாதையில் மண் சரிந்தால் அது தேவைப்படும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பைகளை விடாதீர்கள். அங்கே குளிர், பையைச் சூடு பண்ண வேண்டியிருக்கும், அதற்கு ஹீட்டிங் பேட் கொண்டு போங்கள், வெந்நீரில் முக்காதீர்கள். ரூமில் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, மாஸ்க் போட்டு, கையைக் கழுவி வீட்டில் செய்வது போலவே செய்யுங்கள். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் அந்தப் பையோடு நேராக மருத்துவமனை.

கிட்னி மாற்றி ஒன்றரை வருடம். மகன் நைரோபிக்கு அழைக்கிறான்.

ஐயா, இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கென்யா போய்த் திரும்பினால் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு ஆகாது. டிக்கெட் எடுக்கும் முன் மாற்று அறுவை டாக்டரிடம் பேசுங்கள், மலேரியா மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்கள், சிலது டாக்ரோலிமஸோடு (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒன்று) ஒத்துப்போகாது. மகன் சிங்கப்பூரில் வந்து உங்களைச் சந்திக்க முடிந்தால் அதுவே மேல்.

அப்பா எங்கேயும் வர மறுக்கிறார். "உங்களுக்கு நான் பாரம்" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

தங்கச்சி, நானும் அதே வார்த்தையைத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாரத்தைப் பற்றிய பேச்சு இல்லை, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். நான்கு நாள் பயணம் என்று கேட்டால் யாருக்குமே வயிறு கலங்கும். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரத்தில் ஓர் இடம் பாருங்கள். அவருக்குப் பிடித்த கோவிலோ, பழைய நண்பர் வீடோ, எதுவானாலும் சரி. மருத்துவ ரிப்போர்ட் ஃபைலை அவர் கையில் கொடுங்கள், எடையை அவரே குறிக்கட்டும், எங்கே வண்டியை நிறுத்துவது என்று அவரே சொல்லட்டும். என்னை முதலில் என் மனைவி கூட்டிப்போனது கல்லணைக்கு, ஒண்ணரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஊரின் பெயரை வீட்டு வாசலில் இறங்கும்போது நான்தான் சொன்னேன்.