டெக்சஸ் கரிசலில் முன்வாசல் தோட்டம்: அக்டோபர் வரை பொறுங்கள் தம்பி

தம்பி, ஃபிரிஸ்கோவில் புதுவீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். முன்பக்கம் பில்டர் போட்டுக்கொடுத்த புல்லையும் நாலு புதரையும் எடுத்துவிட்டு, இந்த மே மாதமே செம்பருத்தி, முருங்கை என்று வைக்கலாமா, ஹெச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம்) ஏதாவது சொல்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்த மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டாலஸ், பிளேனோ, ஃபிரிஸ்கோ எல்லாம் கரிசல் காடுதான். பிளாக்லேண்ட் பிரைரி என்பார்கள். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும், ஆகஸ்டில் பாளம் பாளமாக வெடிக்கும்.

இந்த மண்மேல் கான்கிரீட் ஸ்லாப் போட்டு வீட்டை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் சங்கதி. கோடையில் மண் சுருங்கி, ஸ்லாபை ஒட்டி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அதைக் கவனிக்காமல் விட்டால் சுவரில் விரிசல் விடும், கதவு மூடாமல் சிக்கும். அதனால் செடி வாங்கும் முன் சோக்கர் ஹோஸ், அதாவது நீளமெங்கும் நீர் கசியும் குழாய், வாங்குங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வீட்டைச் சுற்றிப் போட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டாலே போதும். பெரிய மரம் எதையும் சுவரோரம் வைக்காதீர்கள், ஸ்லாபுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை வேர் உறிஞ்சிவிடும்.

ஹெச்ஓஏ விஷயத்துக்கு வருகிறேன். முன்பக்கம் எதை மாற்றினாலும் முதலில் ஒரு வரைபடம் போட்டு விண்ணப்பம் கொடுங்கள். ஒப்புதல் கைக்கு வராமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். அபராதக் கடிதம் வந்த பிறகு வாதாடுவது வீண் வேலை. ஆனால் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: வறட்சி தாங்கும் செடிகளால் முன்வாசலை அமைப்பதை ஹெச்ஓஏ அடியோடு தடுக்க முடியாது என்று 2013-லேயே டெக்சஸில் சட்டம் வந்துவிட்டது. திட்டத்தைக் காட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். எனவே புல் முழுவதையும் காப்பாற்றத் தண்ணீருக்கு அழ வேண்டிய அவசியமில்லை. டாலஸ் நகரில் வாரம் இரண்டு நாள்தான் ஸ்பிரிங்க்ளர் ஓடலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிவரை அதுவும் கூடாது. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கும், நகராட்சித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வைக்கலாம்? டெக்சஸ் சேஜ், சால்வியா கிரெகி, யோப்பான் ஹாலி போன்ற புதர்ச்செடிகள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நிற்கும். 2021 பிப்ரவரியில் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. பில்டர்கள் விரும்பி வைக்கும் இந்தியன் ஹாத்தார்ன் புதர் அப்போது தெருத்தெருவாகக் கருகிப்போனது. யோப்பான் அசையவில்லை. நம் ஊர்ச் செம்பருத்தி உறைபனி தாங்காது. அந்தப் பூவின் ஆசை விடவில்லை என்றால் ரோஸ் ஆஃப் ஷாரோன் வையுங்கள், அதுவும் செம்பருத்தி ஜாதிதான்.

நடுவது மட்டும் இப்போது வேண்டாம். தோட்டம் போட்டுத் தரும் லேண்ட்ஸ்கேப்பர் எந்த மாதம் கேட்டாலும் "இதுதான் நல்ல நேரம்" என்பார், அது அவர் பிழைப்பு. மே மாதம் நட்ட செடி வேர்பிடிப்பதற்குள் 38, 40 டிகிரி வெயிலில் மாட்டிக்கொள்ளும். அக்டோபரில் நட்டால் மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலம் முழுக்க வேர் ஓடும். தோண்டுவதற்கு இரண்டு வேலைநாள் முன்பாக 811 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். இலவசமாக வந்து மண்ணுக்கடியில் கேஸ் குழாய், மின்சாரக் கம்பி போகும் இடத்தில் அடையாளத்துக்குச் சின்னக் கலர்க் கொடி ஊன்றிவிட்டுப் போவார்கள்.

குழி விஷயத்தில் கொஞ்சம் கவனம். வேர்க்கட்டியைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம் தோண்டுங்கள், ஆழம் அதன் உயரத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான குழியில் தண்ணீர் வடியாமல் தேங்கி வேர் அழுகும். களிமண் இளகட்டும் என்று மணலைக் கொட்டாதீர்கள், காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். இங்கே எக்ஸ்பாண்டட் ஷேல் என்று பொரித்த கல் மூட்டையில் கிடைக்கும். பூப்பாத்தி முழுவதும் 3 அங்குலம் ஷேல், 3 அங்குலம் கம்போஸ்ட் பரப்பிக் கொத்திவிடுங்கள். ஷேல் மட்குவதில்லை, ஒரு தடவை போட்டால் போதும். மேலே மல்ச் (மண்ணை மூடும் மரச்செதில், சருகு) போடும்போது தண்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

நம் ஊர் ஆசையை எல்லாம் பேக்யார்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மே மாதமே கை வைக்கலாம். வெண்டை விதையை இப்போதே ஊன்றுங்கள், ஜூலை வெயிலில் தக்காளி காய்ப்பை நிறுத்தும்போது அதுதான் கைகொடுக்கும். கொத்தவரை நன்றாக வரும், வட டெக்சஸில் கோந்துக்காக அதை வயலிலேயே விதைப்பார்கள். முருங்கை ஒரே கோடையில் ஆளுயரம் தாண்டும். பனியில் தரைவரை பட்டுப்போனாலும், அடியில் கனமாக மல்ச் போட்டு வைத்தால் பெரும்பாலும் வசந்தத்தில் துளிர்க்கும். கடுங்குளிர் அடித்த வருடம் மட்டும் சொல்ல முடியாது.

கறிவேப்பிலையைத் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவராதீர்கள், வேறு மாநிலத்திலிருந்து தபாலிலும் வரவழைக்காதீர்கள். எலுமிச்சை வகைகளை அழிக்கும் சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் நர்சரியில் வாங்குங்கள். நவம்பர் நடுவில் தொட்டியை வெயில் விழும் ஜன்னலோரம் எடுத்துவையுங்கள். இலை கொட்டினால் பதறித் தண்ணீரை ஊற்றாதீர்கள், மார்ச்சில் வெளியே வைத்ததும் தழைத்துவிடும்.