கெமர் சிலைகள் எங்கே இருக்கின்றன? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அங்கோர் போகிறோம், மூன்று நாள்தான் இருக்கிறது. மியூசியத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா சார்?

தாராளமாக. கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர்களின் பழைய தலைநகர் அங்கோர். அங்கே கோயில்களில் பல இடங்களில் வெறும் பீடம்தான் பார்ப்பீர்கள். திருட்டுக்குப் பயந்து நல்ல சிலைகளை இன்றைய தலைநகர் நோம் பென்னில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கோரின் மதில் சூழ்ந்த நகரமான அங்கோர் தோமில் ‘தொழுநோய் அரசன்’ என்று எல்லோரும் படமெடுப்பது நகல். அசல் நோம் பென்னில் இருக்கிறது. 1920இல் திறந்த சிவப்புக் கட்டடம், நடுவில் முற்றம், அதில் தாமரைக் குளங்கள். முடிந்தால் அதைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.

கேள்வி: துரியோதனன் சிலை ஏலத்துக்கு வந்த கதை என்ன?

பத்தாம் நூற்றாண்டில் கொஞ்ச காலம் கெமர் தலைநகராக இருந்த ஊர் கோ கெர். அங்கே பிரசாத் சென் கோயிலில் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதும் காட்சியை முழு உருவச் சிலைகளாகவே நிறுத்தியிருந்தார்கள். நம் கூத்தில் வரும் பதினெட்டாம் போர்தான். சுற்றிலும் பாண்டவர், பலராமன் எல்லோரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். துரியோதனன் முழங்காலை மடக்கி, எம்பத் தயாராக நிற்கிறான்; மணற்கல்லில் இப்படி ஒரு துள்ளலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் திருடர்கள் கணுக்காலோடு வெட்டி எடுத்துப் போனார்கள். பாதங்கள் பீடத்திலேயே தங்கிவிட்டன. 2011இல் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்துக்கு உடல் வந்தது. பீடத்தில் இருந்த பாதங்களோடு அது பொருந்துவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். விற்பனை நின்றது, அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, 2014இல் சிலை ஊர் திரும்பியது. கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்திலிருந்த பீமனும் அதே வருடம் வந்து சேர்ந்தான்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்ததால்தானே அவை தப்பின?

இந்த வாதத்தை ஓரளவுக்குத்தான் ஏற்பேன். 1975இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் நோம் பென்னையே காலி செய்தபோது அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது. 1979இல்தான் திரும்பத் திறந்தார்கள். கூரையெல்லாம் வௌவால், எச்சம் சிலைகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. அது உண்மைதான். ஆனால் வாங்க ஆள் இருந்ததால்தானே காலை வெட்டினார்கள்? கலைப்பொருள் வியாபாரி டக்ளஸ் லாட்ச்ஃபோர்டு மீது அமெரிக்காவில் 2019இல் சிலைக் கடத்தல் குற்றச்சாட்டுப் பதிவானது. விசாரணைக்கு முன்பே 2020இல் இறந்துவிட்டார். அவரோடு தொடர்புடைய பதினான்கு சிற்பங்களை கம்போடியாவுக்குத் திருப்பித் தருவதாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2023இல் அறிவித்தது.

பிரான்ஸ் விஷயம் வேறு மாதிரி. ஒரு ஹரிஹரன் சிலையின் தலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே போய்விட்டது. பாரிஸின் கிமே அருங்காட்சியகம் அதை அனுப்பி வைக்க, 2016இல் நோம் பென்னில் உடலோடு பொருத்தினார்கள்.

கேள்வி: காரைக்கால் அம்மையார் கம்போடியாவில் இருக்கிறார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் அம்மா, ஆனால் மியூசியத்தில் தேடாதீர்கள். அங்கோர் பக்கத்தில் உள்ள பந்தே ஸ்ரீ கோயிலின் கிழக்கு வாயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். காலடியில் மார்பு வற்றி, எலும்பு துருத்திய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் பலரும் அடையாளம் காண்கிறார்கள். கோயில் 967இல் எழுந்தது. அதே கோயிலின் பீமன்–துரியோதனன் முகப்பு நோம் பென்னிலும், வேறொரு முகப்பு பாரிஸிலும் இருக்கின்றன. அம்மையார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். கிழக்குப் பார்த்த கோயில், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்; வெயில் நேராக விழும்.