பழைய காரின் சைடு மிரர் அதிர்ந்தால் முழு மிரரையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். வண்டி நின்று இன்ஜின் ஓடும்போதே ஓட்டுநர் பக்கக் கண்ணாடி லேசாக நடுங்குகிறது. வேகம் 70 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்னால் வருவது காரா லாரியா என்றே தெரியவில்லை. கடையில் முழு மிரரையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்:

மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் இரண்டு முறை பணத்தை விட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பு, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 2021இல் வேலூரிலேயே ஒருவரிடம் வாங்கினேன். வீடு சத்துவாச்சாரியில், வேலை ராணிப்பேட்டையில் என்பதால் தினமும் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் பயணம். ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறினால், பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் வலப்பக்கக் கண்ணாடி துள்ளும். இரவு நேரத்தில் பின்னால் வரும் பேருந்தின் இரண்டு முகப்பு விளக்குகளும் நான்காகத் தெரியும். கண்ணாடி இப்படியும் அப்படியும் ஆடும்போது, திரும்புகிற இரண்டு முனைகளில்தான் ஒரு கணம் தயங்கி நிற்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் பிம்பம் சற்றுக் கூடுதல் நேரம் தங்குவதால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடி சாய்கிற கோணத்தைப் போல இரு மடங்கு கோணத்தில் ஒளி திரும்பும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆகவே கண்ணாடி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே போதும், 50 மீட்டர் பின்னால் உள்ள பொருள் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்தாற்போலத் தெரியும். கண்ணுக்கே புலப்படாத ஆட்டம் இவ்வளவு தொல்லை கொடுப்பது இதனால்தான்.

முதலில் காருக்கான அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடி பழையதாகிவிட்டது என்று சொல்லி, பழைய கண்ணாடியின் மேலேயே புதிய கண்ணாடி ஒன்றை இரு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். நடுக்கம் கூடியது. கண்ணாடியின் பின்னால் சிறிய பந்து மூட்டு ஒன்றில் நிற்கிற தகட்டின் மேல் இன்னொரு கண்ணாடியின் எடையையும் ஏற்றினால் வேறென்ன ஆகும்? அடுத்து, நெடுஞ்சாலை வேகத்தில்தான் மோசமாக இருக்கிறது, எனவே சக்கரத்தில்தான் கோளாறு என்று நானாக முடிவு செய்து வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் செய்தேன். ஸ்டீயரிங் துளிகூட ஆடவில்லை என்பதை அப்போது யோசிக்கவே இல்லை. சக்கரத்தின் எடை ஒரு பக்கம் ஏறியிருந்தால் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினொரு முறைக்கு மேல் உதைக்கும். அந்த உதை கண்ணாடிக்கு வருமுன் ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ தெரிந்துவிடும். கையில் ஒன்றும் தெரியாமல் கண்ணாடி மட்டும் நடுங்கினால் சக்கரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

கடைசியாக, காட்பாடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா சார், கண்ணாடி மேலயே கண்ணாடி ஒட்டிகினு வந்துகீறீங்க?" என்பதுதான். பிறகு ஏசியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டு என்னை இருக்கையில் உட்கார வைத்தார். வெளியே நின்று மிரரின் கூட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஆடுதா?" என்றார். பின்னாலிருந்த சுவரின் விளம்பர எழுத்துகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. கூட்டை விட்டுவிட்டுக் கண்ணாடியின் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் அழுத்தினார். எழுத்துகள் மறுபடி நடுங்கின.

இந்தச் சோதனையைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். கூட்டைப் பிடித்தால் பிம்பம் நிற்கிறது என்றால், மிரர் கதவோடு சேரும் அடிப்பகுதியோ மிரரை மடக்கும் மூட்டோ தளர்ந்திருக்கிறது. கூட்டைப் பிடித்தும் நடுங்கி, கண்ணாடியின் ஓரத்தை அழுத்தினால்தான் நிற்கிறது என்றால், கண்ணாடிக்கும் அதன் பின்னுள்ள பிளாஸ்டிக் தகட்டுக்கும் நடுவில் பசை விட்டிருக்கிறது, அல்லது அந்தத் தகடு உட்காரும் பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் நிற்கவில்லை, கதவையும் டேஷ்போர்டையும் தொட்டாலே நடுக்கம் தெரிகிறது என்றால் மிரரை விட்டுவிட்டு இன்ஜின் பக்கம் போக வேண்டும். ஓடுகிற வண்டியில் கையை வெளியே நீட்டி இதைச் செய்து பார்க்காதீர்கள். நிறுத்திய வண்டியே போதும்.

என் வண்டியில் கோளாறு அடிப்பகுதியில் இருந்தது. கதவின் உட்புறம், ஜன்னல் ஓரத்து முக்கோண மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தட்டையான பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுத்தால் பின்னால் மிரரைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகள் தெரியும். பல வண்டிகளில் இவை 10ஆம் நம்பர் ஸ்பேனருக்கு உரியவை, சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். என் வண்டியில் மூன்றாவது நட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரைதான் இருந்தது. கதவுக்கும் மிரருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் விரிப்பையும் காணோம். முந்தைய உரிமையாளர் எங்கேயோ இடித்து மிரரை மாற்றியிருக்கிறார், மாற்றியவர் இரண்டு நட்டோடு வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார். பாய், மேலே ஒட்டியிருந்த கண்ணாடியைப் பிரித்தெடுத்து, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ரப்பர் வெட்டி வைத்து, மூன்று நட்டுகளையும் போட்டு மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினார். ஒரே நட்டை முழுவதுமாக முறுக்கினால் அடிப்பகுதி ஒரு பக்கமாக ஏறி உட்காரும். அது பிளாஸ்டிக் ஆதலால் பலத்தைக் காட்டினால் விரிசல் விட்டுவிடும். அரை மணி நேர வேலைக்கு 150 ரூபாய் வாங்கினார்.

நீங்களே செய்வதானால் இரண்டு எச்சரிக்கைகள். நட்டைக் கழற்றுமுன் அதன் கீழே கதவுக்குள் இறங்கும் இடுக்கைத் துணியால் அடைத்துவிடுங்கள். பிற்பாடு இடப்பக்க மிரரை நானே இறுக்கப் போய் ஒரு நட்டைக் கதவுக்குள் விட்டேன். அதை எடுப்பதற்காகக் கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்று, கடைசி நட்டு வரும்போது வெளியே மிரரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் வைத்த மிரர் என்றால் மின் இணைப்பை முதலில் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிரர் ஒயரில் தொங்கும்.

கண்ணாடியின் பசைதான் விட்டிருக்கிறது என்றால் அது நம் ஊருக்கே உரிய கோளாறு என்று சொல்லலாம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், நிழலில்லாத இடத்தில் நாள் முழுதும் நிற்கிற வண்டியின் கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பசை இளகி இளகிக் காய்ந்துதான் போகும். கண்ணாடியின் முகத்தில் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டு, கையுறை போட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் சூடேற்றி மெதுவாக நெம்பி எடுங்கள். பழைய பசையைச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு, வண்டிக்கென்று விற்கும் தடித்த நுரை டேப்பையோ கண்ணாடிக்குக் கேடு செய்யாத சிலிக்கானையோ பயன்படுத்தலாம். சிலிக்கானில் வினிகர் வாசனை அடித்தால் வாங்காதீர்கள், அது கண்ணாடியின் பின்பூச்சை அரித்து ஓரங்களில் கறுப்புத் திட்டு விழச் செய்யும். உடனே ஒட்டும் பசையும் வேண்டாம். அது இறுகினால் மொறமொறவென்று ஆகி, அதிர்வில் விட்டுவிடும். சிலிக்கான் போட்டால் ஒரு முழு நாள் வண்டியை எடுக்காமல் இருங்கள்.

கண்ணாடி உடைந்துவிட்டால் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காரின் வெளிக்கண்ணாடி பெரும்பாலும் சற்றே குவிந்தது. தட்டைக் கண்ணாடி வைத்தால் பார்வைப் பரப்பு சுருங்கும், பக்கத்தில் வருகிற இருசக்கர வாகனம் மறைந்தே போகும்.

இனி இன்ஜின். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்ற கணக்கில் விநாடிக்கு ஏறத்தாழ 27 உதைகள் வண்டியின் உடலுக்குப் போகின்றன. மூன்று சிலிண்டர் என்றால் 20. மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே சற்று நடுங்குவது, அதில் நின்ற நிலையில் வரும் இலேசான நடுக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏசியைப் போட்டதும் நடுக்கம் பெருகி, ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தி 1,500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் அடங்கிவிடுகிறது என்றால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்திருக்கலாம்; பட்டறைகளில் இன்ஜின் பவுண்டேஷன் என்று சொல்வது இவற்றைத்தான். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாவிட்டாலும், இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங் வேகம் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். எனவே பவுண்டேஷனை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் மலிவு.

உங்கள் வண்டி நிற்கும்போது லேசாகவும் 70க்கு மேல் பலமாகவும் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் வண்டியும் அப்படித்தான் செய்தது. நிற்கும்போது இன்ஜின் உதைக்கிறது, ஓடும்போது காற்றும் சாலையும் உதைக்கின்றன, தளர்ந்த மிரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆடுகிறது. ஆகவே முக்கோண மூடியிலிருந்து தொடங்குங்கள். மடக்கும் மூட்டின் உள்ளே ஸ்பிரிங் உடைந்து, மடக்கினால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று திரும்புகிறது, அல்லது பந்து மூட்டின் கிண்ணமே விரிசல் விட்டிருக்கிறது என்றால்தான் முழு மிரரையும் மாற்ற வேண்டும். அப்போதும் காயலான் கடையில் அதே மாடல், அதே பக்கத்து மிரர் கிடைத்தால், வாங்குமுன் இரண்டு மூன்று முறை மடக்கி விரித்துப் பாருங்கள். "டக்" என்று உட்கார்ந்து நிற்க வேண்டும். அடியில் ரப்பர் விரிப்பு இருக்கிறதா என்றும் திருப்பிப் பார்த்து, இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.