கொரோனாக் காலத்து வன்னி: மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டவை

துணுக்காய்த் தங்கச்சி: ஊரடங்கில் கர்ப்பிணிகளை எப்படிப் பார்த்தீர்கள் மிஸ்?

2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்ததும் என் கொப்பியில் இருந்த கர்ப்பிணிகள் எல்லோருக்கும் போன் எடுத்தேன். கால் வீங்கியிருக்கா, தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, பிள்ளை அசைகிறதா, இந்த நாலும்தான் கேள்வி. ஒரு பிள்ளை "ஒன்றுமில்லை மிஸ்" என்றாள், ஆனால் குரல் சரியில்லை. ஸ்கூட்டியில் போய் முற்றத்து மாமரத்தடியில் வைத்துப் பிரஷர் பார்த்தால் 160/100. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தயவுசெய்து போனில் "ஒன்றுமில்லை" என்று மறைக்காதீர்கள்.

கிளிநொச்சித் தம்பி: பிள்ளைக்கு நாலாம் மாத ஊசி தவறிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதிவேட்டோடு கிளினிக்குக்குப் போங்கள்.

முழங்காவில் அக்கா: ஊரடங்கு நேரம் அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் கொடுப்பனவு எங்களுக்கு வரவில்லையே?

அதை அப்போதே கிராம சேவையாளரிடம் கேட்டிருக்க வேண்டும் அக்கா.

மாங்குளம் அண்ணா: வீடு வீடாகத் திரிந்து நோயைப் பரப்பியது நீங்கள்தானே? நாங்கள் படலையைப் பூட்டியது சரிதான்.

அண்ணா, உங்கள் பயம் எனக்கு விளங்கும், எனக்கும் வீட்டில் வயதான அம்மா இருந்தா. ஆனால் நாங்கள் வீட்டுக்குள் போகவில்லை, முற்றத்தோடு நின்றோம். பூட்டிய ஒரு படலைக்கு வெளியே நின்று, ஒன்பது நாள் பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொன்னேன். பாதம் வரை மஞ்சள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான் திரும்பிப் போயிருந்தால்?

புதுக்குடியிருப்புத் தங்கச்சி: அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கு மிஸ். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டில் ஒட்டிய தனிமைப்படுத்தல் கடதாசியைப் பார்த்துத்தானே சனம் பயந்தது.

அந்தப் பயம்தான் கெடுத்தது பிள்ளை. கடதாசி ஒட்டுவார்கள் என்று காய்ச்சலை மறைத்தார்கள், மறைத்தபடியே கடைக்கும் போனார்கள். இடம்பெயர்வில் ஒரே பதுங்கு குழிக்குள் இருந்த சனம், ஒரு கடதாசிக்காகப் பக்கத்து வீட்டோடு கதைக்காமல் விட்டது. அந்த வீட்டுக் கிணற்றடிக்கு அரிசி கொண்டுபோய் வைக்கக்கூட ஆள் இல்லை, நான்தான் கொண்டுபோனேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாங்குளம் அண்ணா: எங்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை மிஸ்.

அதை ஒத்துக்கொள்கிறேன். கடதாசியை ஒட்டிய கையோடு நின்று நாலு வார்த்தை கதைத்திருக்க வேண்டும்.

வவுனியா அக்கா: சைனோபார்ம் கொரோனா ஊசி போட்டால் பிள்ளை தங்காதாமே?

பொய். ஊசி போட்டபின் உண்டாகிப் பெற்ற தாய்மார் என் பிரிவிலேயே இருக்கிறார்கள்.

நெடுங்கேணித் தங்கச்சி: மிஸ், அந்த ஊசி போட்டால் பிள்ளை...

மேலே வாசியுங்கள் பிள்ளை.