டிரெய்லரை மாட்டினால் பின்விளக்குகள் தாறுமாறாக எரிவது ஏன்?

கேள்வி: காரின் பின்விளக்கு வயர்களிலிருந்தே இணைப்பு எடுத்து டிரெய்லருக்கு நானே வயரிங் செய்தேன். காரில் எல்லா விளக்கும் சரியாக எரிகின்றன. ஆனால் டிரெய்லரை மாட்டி வலது இண்டிகேட்டர் போட்டால், டிரெய்லரின் விளக்குகள் எல்லாமே மங்கலாகச் சேர்ந்து மின்னுகின்றன. எங்கே தப்பு?

பதில்:

பல்பையும் பியூஸையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லரின் எர்த் வயர், அதாவது மின்னோட்டம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் வயர். நான்கு முனை தட்டைப் பிளக்காக இருந்தாலும் சரி, ஐரோப்பிய ஏழு முனை வட்டப் பிளக்காக இருந்தாலும் சரி, எர்த் என்பது வெள்ளை வயர்தான். மஞ்சள் இடதுக்கு, பச்சை வலதுக்கு. இதுவும் இரண்டிலும் ஒன்றே. மற்ற நிறங்கள் மாறும். பழைய டிரெய்லர் என்றால் எந்த நிறத்தையும் நம்ப வேண்டாம், முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்.

வலது இண்டிகேட்டர் பல்புக்குள் மின்னோட்டம் போய்விட்டது, அது திரும்பிவர வழி வேண்டும். எர்த் விட்டுப்போயிருந்தால், அதே கூட்டில் இருக்கும் பார்க்கிங் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கி ஏறும். அங்கிருந்து பார்க்கிங் வயரைப் பிடித்துக் காருக்கே போய், காரின் பார்க்கிங் பல்புகள் வழியாகக் காரின் எர்த்தைத் தொடும். இத்தனை பல்புகளைத் தாண்டிப் போவதால் எதற்கும் முழு வோல்ட் கிடைப்பதில்லை. அதனால்தான் எல்லாம் மங்கல், எல்லாம் ஒரே தாளத்தில்.

எனக்கு இது தெரியவந்தது ஒரு ராத்திரிப் பயணத்தில். மனைவியின் தம்பி பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தான். நிறுத்தியதும் ஓடிவந்து, "அத்தான், நீங்க பிரேக் மிதிக்கிறப்ப டிரெய்லர்ல லைட்டே இல்ல. கால எடுத்தா லேசா எரியுது" என்றான். கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. பிரேக் பிடிக்கும் நேரத்தில்தானே பின்னால் வருபவருக்கு அந்த வெளிச்சம் வேண்டும்! என்னுடையது நான்கு வயர் டிரெய்லர். பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பு இழையில். பார்க்கிங் லைட் போட்டுவிட்டுப் பிரேக் மிதித்தால் எர்த் தவிர மற்ற மூன்று வயரிலும் 12 வோல்ட். எர்த் இல்லாததால் பல்பு இழைகளின் இரண்டு பக்கமும் ஒரே மின்னழுத்தம், ஓட்டமே இல்லை. அதான் இருட்டு.

அங்கேயே டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட்டுக்கு மேலேயே ஒரு ஸ்க்ரூவை ஏற்றி எர்த் கொடுத்திருந்தார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் லக்குக்கு (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பச்சைக் களிம்பு, துரு. வயரை லேசாக வளைத்தேன், செம்பு இழைகள் கறுத்துப்போய்ப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கடைசியில் வயர் லக்கிலிருந்து கையோடு வந்துவிட்டது.

இதில் என்னை மிகவும் உறுத்திய விஷயம், அதற்கு முந்தைய வாரம்தான் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்திருந்தேன் என்பது. டிரெய்லரின் பல்பு ஹோல்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வயரிங் நல்லா இருக்கு என்று நினைத்துப் பல்பை மட்டும் மாற்றினேன். மீட்டர் எடுத்துக்கொள்ளும் ஓட்டம் அணு அளவு. செம்பில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டும். ஆனால் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றே கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். இரண்டு பிரேக் பல்பு, இரண்டு 5 வாட் பார்க்கிங் பல்பு சேர்ந்தால் 4 ஆம்பியருக்கு மேல். அந்த ஒற்றை இழை இதைத் தாங்காது.

ஆகவே விளக்குகளை எரியவிட்டபடிதான் அளக்க வேண்டும். டிரெய்லரை மாட்டி, பார்க்கிங் லைட் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையை டிரெய்லர் ஹோல்டரின் எர்த்திலும், நீளமான வயர் போட்டு மறு முனையைக் கார் பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையா? அதே நீள வயரை பேட்டரி மைனஸிலிருந்து ஹோல்டர் எர்த்துக்குக் கொடுத்துப் பாருங்கள். எல்லா விளக்கும் சட்டென்று ஒழுங்காகிவிட்டால் வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

சரிசெய்யும்போது ஹிட்ச் பால் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) வழியாக எர்த் வந்துவிடும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், குலுங்கும்போது தொடும், விடும். பிளக்கிலிருந்து தனி எர்த் வயர், மற்றவற்றைவிடத் தடிமனாக, ஒவ்வொரு விளக்குக்கும் போக வேண்டும். சட்டத்தில் முறுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள்.

கார் பக்கமும் ஒரு வேலை பாக்கி. வயரின் தோலைக் கிழித்துக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப் போட்டுத்தான் எடுத்தீர்களா? அதன் தகடு சில இழைகளை வெட்டிவிடும், அப்புறம் மழைத்தண்ணீர் இறங்கும். நன்றாக கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வயர்களை வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடாக்கி மூடிவிடுவது நிலைக்கும். உங்கள் கார் புதியது, விளக்குகளைக் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது என்றால் நேரடியாக இணைப்பு எடுப்பதே தவறு. கூடுதல் ஓட்டம் அந்தக் கம்ப்யூட்டரின் சுற்றைக் கெடுத்துவிடலாம். அதற்கென்று இருக்கும் டிரெய்லர் மாட்யூல் காரின் வயரிலிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓட்டத்தை பேட்டரியிலிருந்து தனி வயரில் எடுக்கும். அந்த வயருக்கு பியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், டிரெய்லர் பக்கம் அல்ல. இல்லாவிட்டால் நடுவில் வயர் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. காரில் பிரேக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி, டிரெய்லரில் ஒன்றாக என்றால் இரண்டையும் சேர்த்துத் தரும் கன்வெர்ட்டரும் வேண்டும்.

வயரின் நீளம்: காரை முழுக்க ஒடித்துத் திருப்பினாலும் இழுபடக் கூடாது, நேராக நிற்கும்போது தரையில் உரசக் கூடாது. படகு ஏற்றும் டிரெய்லரா? தண்ணீருக்குள் இறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சூடான பல்பு குளிர்ந்த நீரில் பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

அளந்து பார்த்துவிட்டு எத்தனை வோல்ட் காட்டியது, கார் எந்த வருட மாடல் என்று சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தும் விளக்குகள் இப்படியே மின்னினால், அடுத்ததாக ஹோல்டருக்குள் இரட்டை இழைப் பல்பு திருப்பிச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.