பழைய இசட்3-க்கு முன் ஸ்ட்ரட்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 1998 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்3, 2.8 லிட்டர் இன்ஜின், 1,20,000 மைல் ஓடியது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, ஸ்டியரிங்கும் நடுங்குகிறது. இடது ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்திருக்கிறது. டீலர் சொன்ன தொகைக்குக் காரையே விற்றுவிடலாம் போலிருக்கிறது. செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன எல்லாக் குறையும் ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக் அப்சார்பரின், தலையில் விழாது. அதை முதலில் பிரித்துவிடுவோம்.

இசட்3-யின் முன்பக்கம் அந்தக் காலத்து 3 சீரிஸ், அதாவது இ36 காரின் அமைப்பு. இரண்டுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. கீழே சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் பின்முனையில் ஒரு பெரிய ரப்பர் புஷ் இருக்கிறது. அது கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், பள்ளத்தில் 'டொக்' சத்தமும் வரும். புது ஸ்ட்ரட் போட்டாலும் அந்த நடுக்கம் அப்படியே இருக்கும். காரைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அந்த புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் விண்டு இடைவெளி தெரிந்தால் அதுவும் மாற்றும் பட்டியலில் சேரட்டும். ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் விலை குறைந்த சாமான்தான்.

அடுத்தது டாப் மவுண்ட். ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பரும் பேரிங்கும் சேர்ந்த பகுதி அது. கார் தரையில் நிற்கும்போது வீட்டில் யாரையாவது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கின் மேல் லேசாக விரல் வையுங்கள். ஸ்பிரிங் முறுக்கேறி நின்று, பிறகு 'டங்' என்று துள்ளினால் பேரிங் போய்விட்டது. கூடவே ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் குடும்பத்து ஸ்பிரிங்குகள் கடைசிச் சுற்றில் ஒடிவதுண்டு. ஒடிந்த துண்டு தட்டிலேயே உட்கார்ந்திருக்கும், சட்டென்று கண்ணில் படாது. ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊரில் இதை விட்டுவிடக் கூடாது.

ஸ்ட்ரட் உடம்பில் தூசி ஒட்டிய மெல்லிய ஈரம் இருந்தால் அது வெறும் கசிவு, பொறுத்துக்கொள்ளலாம். கீழ்வரை வழிந்து சொட்டும் நிலை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான். இடது பக்கம் மட்டும் போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வளைவில் கார் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

இனி பணம். டீலர் பில்லில் ஒரு பங்கு பெட்டியின் மேல் இருக்கும் சின்னத்துக்கு, பெரும்பங்கு கூலிக்கு. இந்தக் காலத்து பி.எம்.டபிள்யூ கார்களுக்கு ஷாக் செய்து கொடுத்தவை சாக்ஸ், போகே போன்ற கம்பெனிகள். சாக்ஸ் பெட்டியிலேயே வாங்கினால் ஓட்டும் தன்மை பழையபடி வரும், விலையும் குறையும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும் என்றால் பில்ஸ்டைன் பி6. பி8 வேண்டாம், அது உயரம் குறைத்த ஸ்பிரிங்குக்கானது. விலை மலிவு என்று ஆசை காட்டும் பெயர் தெரியாத காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக்) செட்டுகளையும், ஸ்பிரிங்கோடு பொருத்தியே வரும் மலிவு ஸ்ட்ரட்டுகளையும் நான் தொட மாட்டேன். அந்த ஸ்பிரிங்கின் கடினம் என்ன, கார் எந்த உயரத்தில் நிற்கும் என்பது மாட்டிய பிறகுதான் தெரியும். காயலான் கடையில் கழற்றிய ஸ்ட்ரட்டும் வேண்டாம். அதுவும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான்.

'இ36-க்குப் பொருந்துவது இசட்3-க்கும் பொருந்தும்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி ஆர்டர் போடாதீர்கள். சேஸிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்து-எண்களைக் கொடுத்துப் பார்ட் நம்பரை எடுங்கள். சாதா சஸ்பென்ஷனா, ஸ்போர்ட் சஸ்பென்ஷனா என்பதும் அதில் தெரிந்துவிடும். இசட்3-யின் வேகமான வகையான எம் ரோட்ஸ்டரின் சாமான் வேறு. இடதும் வலதும் கூட வேறு வேறு. ஒரே பக்கத்துக்கு இரண்டு வந்து இறங்குவது அபூர்வமல்ல.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் சின்ன சாமான்கள். டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (தூசி மறைக்கும் உறை), ஸ்பிரிங் ரப்பர், புது லாக் நட்டுகள் எல்லாவற்றையும் ஸ்ட்ரட்டோடு சேர்த்தே வாங்குங்கள். டாப் மவுண்ட்டை மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அமுக்கி மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்து அது மட்டும் போனால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் ஒடியாமல், துரு அரிக்காமல் இருந்தால் பழையதையே போடலாம்.

கூலியில்தான் பெரிய மிச்சம். ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து இறக்குவது ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் செய்யக்கூடிய வேலை. முந்தின நாளே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வீலைக் கழற்றி, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். கேலிப்பரை (பிரேக் பேடுகளை அமுக்கும் பகுதி) கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஸ்ட்ரட்டை வீல் நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) பிடித்திருப்பவை மூன்று போல்ட்டுகள். மேலே பானெட்டுக்குள் மூன்று நட்டுகள். அவற்றைக் கடைசியில் கழற்றுங்கள், ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்கட்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் காரில் இருக்கும்போது தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான்.

ஸ்பிரிங் வேலைக்கு இரண்டு வழி. ஆட்டோசோன், ஓ'ரைலி போன்ற கடைகளில் முன்பணம் கட்டினால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரவல் கிடைக்கும். திருப்பித் தந்ததும் பணம் கைக்கு வரும். ஆனால் இரவல் கருவி எத்தனை கை மாறியதோ! மரை தேய்ந்திருந்தாலோ, கொக்கி வளைந்திருந்தாலோ அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் எலும்பை முறிக்கும். முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான்: இறக்கிய இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் புது சாமான்களையும் அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், சுவரில் பதித்த கம்ப்ரஸரில் மாற்றித் தரச் சொல்லுங்கள். முழு வேலைக்கான கூலியில் சிறு பகுதிதான் கேட்பார்கள். மாற்றும்போது பளபளப்பான ராடை இடுக்கியால் பிடிக்க விடாதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து புது ஸ்ட்ரட்டும் ஒழுகும்.

மாட்டும்போது நக்கிள் போல்ட்டுகளுக்கு மரை பசை (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) தடவி 107 நியூட்டன் மீட்டர், மேல் நட்டுகளுக்கு 24, வீல் போல்ட்டுகளுக்கு 100. மேல் நட்டு எட்டு மில்லி மரைதான். கைக்குப் போதவில்லை என்று இன்னொரு கால் சுற்று இழுத்தால் போல்ட் முறியும், புது டாப் மவுண்ட் குப்பைக்குப் போகும். கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷையும் மாற்றினால் அதன் கடைசி இறுக்கம் கார் தன் எடையில் நிற்கும்போது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். இந்தக் காரில் முன்பக்கம் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும், ஆனால் அது கொஞ்சம் விலகினாலும் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும்.

பின் ஷாக்குகள் தாக்குப் பிடித்தால் அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிவையுங்கள். அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, வேலை சுலபம். ஆனால் இதற்கெல்லாம் பணம் போடும் முன் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) தாங்கும் இடத்தில் ஸ்பாட் வெல்டுகள் விட்டுப்போய்த் தகடு கிழிவது இசட்3-க்குப் பேர்போன குறை. அங்கே விரிசல் தெரிந்தால் ஸ்ட்ரட் காத்திருக்கட்டும், முதல் செலவு வெல்டிங்குக்கு.