பாரிஸ் பெர்சியின் பழைய ஒயின் கிடங்குகள் எப்படி அருங்காட்சியகம் ஆயின?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே இருப்பது ஒயின் அருங்காட்சியகம் இல்லை. ராட்டினங்கள், பழைய திருவிழா விளையாட்டுகள் இவற்றுக்கான 'மியூசே தே ஆர் ஃபொரேன்'. கட்டடங்கள்தான் ஒயின் கிடங்குகள்.

அவை அந்த இடத்தில் எழுந்ததற்குக் காரணம் வரி. பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன், 1780களில், பாரிஸைச் சுற்றி வரி வசூலுக்கென்றே ஒரு மதில் எழுப்பினார்கள். நகருக்குள் நுழையும் ஒயினுக்கு 'ஆக்ட்ராய்' என்ற நுழைவு வரி கட்ட வேண்டும் (மும்பையில் 2017 வரை இருந்ததே, அதே பெயர், அதே முறை). பெர்சி மதிலுக்கு வெளியே, சேன் நதிக்கரையில் இருந்தது. ஒயின் விளையும் பர்கண்டிப் பகுதியிலிருந்து படகில் வரும் பீப்பாய்களை அங்கேயே இறக்கி, விற்பனையாகும்வரை வரியில்லாமல் வைத்திருக்கலாம். அதனால்தான் அது 19ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய ஒயின் சந்தையாக வளர்ந்தது. 1860இல் பெர்சி பாரிஸோடு இணைக்கப்பட்ட பிறகும் வணிகம் குறையவில்லை. தெற்கிலிருந்து ரயிலில் சரக்கு வந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் எர்னெஸ்ட் லெரூ கிடங்குகளைப் புதிதாக வடிவமைத்தார்.

கிடங்குகள் தாழ்வாக, வரிசை வரிசையாக இருப்பதற்குப் பீப்பாயே காரணம். ஒரு பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். மரத்தின் எடையும் சேர்ந்தால் கால் டன்னைத் தாண்டும். மாடியேற்றுவது வீண்வேலை, தரையில் உருட்டுவதே வழி. வெப்பம் ஏறினால் ஒயின் கெடும் என்பதால் இடையிடையே நிழல் மரங்கள். ஆற்றங்கரை வசதிக்கு விலையும் உண்டு: 1910 வெள்ளத்தில் பீப்பாய்கள் மிதந்தன.

பெர்சி வீழ்ந்தது வரியால் அல்ல, பாட்டிலால். திராட்சை விளையும் ஊரிலேயே ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பரவியபின், பீப்பாயில் வாங்கி நகரத்தில் அடைத்து விற்கும் இடைநிலை வணிகத்துக்கு வேலையில்லாமல் போனது. பெரும்பகுதி இடிக்கப்பட்டது, அது உண்மையிலேயே பெரிய இழப்பு. தப்பிய கூடங்களுக்கு 1996இல், பழைய திருவிழாப் பொருட்களைச் சேகரித்துவந்த ழான்-போல் ஃபவாந் தன் சேகரிப்பைக் கொண்டுவந்தார். சுழலும் ராட்டினத்துக்கு வேண்டியது விசாலமான தரை. அது அங்கே தயாராகவே இருந்தது.

போக நினைப்பவர்கள் கவனிக்க: நேரே போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் பார்க்க வேண்டும். ஆண்டிறுதி விழா போன்ற சில நாட்களில் வழிகாட்டி இல்லாமல் சுற்றலாம். 1897இன் சைக்கிள் ராட்டினத்தைத் தவறவிடாதீர்கள்; மோட்டார் கிடையாது, ஏறியவர்கள் மிதித்தால்தான் சுற்றும். மெட்ரோ 14ஆம் தடம், 'கூர் சேன்-எமிலியோன்' நிலையம். வெளியே வந்ததும் கடைகளைப் பார்க்குமுன் தரையைப் பாருங்கள்: பீப்பாய் வண்டிகள் ஓடிய தண்டவாளங்கள் கல்தளத்தில் இன்னும் பதிந்திருக்கின்றன.